ஏவலாளுக்கு எழுதும் குறிப்பு



சிங்கப்பூரின் மேற்குப் பகுதியில் பூன் லே என்று ஓர் இடம் உண்டு. இன்று அங்கே போனால் அடுக்குமாடி வீடுகளும், பெரிய கடைத்தொகுதியும், 1990-ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற எம்.ஆர்.டி. நிலையமும், அதன் அருகே பேருந்து நிலையமும்தான் கண்ணில் படும். ஆனால் அந்தப் பெயர் ஒரு தோட்ட முதலாளியின் பெயர். சியூ பூன் லே என்னும் சீன வணிகருக்கு ஜூரோங் வட்டாரத்தில் நிலம் இருந்தது. முதலில் தோல் பதனிட உதவும் காம்பியரும் மிளகும், பின்னர் ரப்பரும் அங்கே விளைந்தன. நம்மில் பலருடைய பாட்டன் பாட்டி வாழ்ந்ததைப் போன்ற வாழ்க்கை, இன்று ரயில் ஓடும் அந்த மண்ணிலும் ஒரு காலத்தில் நடந்திருக்கிறது.

இந்த இடத்தை வைத்துக்கொண்டே இன்றைய பொருளைப் பேசலாம் என்று நினைக்கிறோம். பொருள் கணினியைப் பற்றியது. “நமக்கும் அதற்கும் என்ன?” என்று வானொலியை அணைத்துவிட வேண்டாம். முதலில் ஒரு பாட்டியைப் பாருங்கள்.

ஜொகூரில் ஒரு தோட்டத்தில் முப்பது ஆண்டு பால் மரம் வெட்டிய பாட்டி என்று வைத்துக்கொள்வோம். மகள் பூன் லேயில் குடியிருக்கிறாள். பேத்தி நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். பேத்தியைப் பார்க்கப் பாட்டி பூன் லே பேருந்து நிலையத்தில் 179 எண் பேருந்து ஏற வேண்டும். மகள் வேலைக்குப் போய்விட்டாள். கையில் கைப்பேசி இருக்கிறது. “அடுத்த 179 எப்ப வரும்? உட்கார இடம் இருக்குமா? எனக்கு முழங்கால் வலி” என்று பாட்டி தமிழில் கேட்கிறார். கைப்பேசி தமிழிலேயே பதில் சொல்கிறது.

இப்படிப் பதில் சொல்வதைச் செயற்கை நுண்ணறிவு முகவர் என்கிறார்கள். நாம் இப்பேச்சில் ஏவலாள் என்றே சொல்வோம். சொன்ன வேலையைச் செய்து வரும் ஆள், அவ்வளவுதான். இந்த ஏவலாளுக்குப் பேசத் தெரியும், எழுதத் தெரியும். ஆனால் 179 எங்கே வந்துகொண்டிருக்கிறது என்பது அதன் மூளையில் இல்லை. அதை அறிய அது வேறொரு மென்பொருளிடம் போய்க் கேட்க வேண்டும். அப்படிக் கேட்கப்படும் மென்பொருளுக்குத்தான் கருவி என்று பெயர். அரிவாள், மண்வெட்டி போல இதுவும் ஒரு கருவி. கைப்பிடி மட்டும் இல்லை.

சிங்கப்பூரில் அந்தக் கருவி உண்மையாகவே இருக்கிறது. நிலப் போக்குவரத்து ஆணையம் 2011-ஆம் ஆண்டு டேட்டாமால் என்னும் தகவல் சந்தையைத் திறந்தது. பதிவு செய்து ஒரு சாவி எண் பெற்றுக்கொண்டால் யார் எழுதிய மென்பொருளும் அதனிடம் கேட்கலாம். பேருந்து நிறுத்தம் ஒவ்வொன்றுக்கும் ஐந்து இலக்க எண் உண்டு. பூன் லே பேருந்து நிலையத்தின் எண் 22009. அதைச் சொல்லிக் கேட்டால், அங்கு வரவிருக்கும் ஒவ்வொரு பேருந்தைப் பற்றியும் ஒரு சீட்டு திரும்பி வரும்.

அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கும்? இங்கேதான் கதை தொடங்குகிறது. பேருந்தில் கூட்டம் எப்படி என்பதற்கு மூன்று எழுத்து மட்டும் இருக்கும். எஸ்.இ.ஏ. என்று இருக்கலாம், எஸ்.டி.ஏ. என்று இருக்கலாம், எல்.எஸ்.டி. என்றும் இருக்கலாம். ஆங்கிலம் படித்த பிள்ளையை அழைத்து முதல் மூன்றெழுத்தைக் காட்டிக் கேளுங்கள், “கடல்” என்பான். உண்மையில் அதன் பொருள் உட்கார இடம் உண்டு என்பது. எஸ்.டி.ஏ. என்றால் நிற்க இடம் உண்டு. எல்.எஸ்.டி. என்றால் நிற்கவும் கொஞ்சம்தான் இடம். இவற்றின் பொருளைச் சொல்லும் விளக்கநூலை ஆணையமே வெளியிட்டிருக்கிறது. அது இல்லையென்றால் நம் ஏவலாள் என்ன செய்யும்? ஊகிக்கும். சில வேளை சரியாக ஊகிக்கும், சில வேளை தப்பாக ஊகிக்கும். இரண்டையும் ஒரே மிடுக்கோடு சொல்லும். பாட்டி முழங்காலைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றபடி வரவேண்டியதுதான்.

இன்னொன்று பாருங்கள். வரும் நேரத்தைச் சொல்லும் இடத்துக்குப் பக்கத்தில் 0 அல்லது 1 என்று ஓர் எண் இருக்கும். 1 என்றால் பேருந்து இப்போது இருக்கும் இடத்தைக் கண்டு கணக்கிட்ட நேரம். 0 என்றால் அட்டவணையைப் பார்த்துச் சொன்ன நேரம். இரண்டுக்கும் எவ்வளவு வேறுபாடு! பேருந்து புறப்படும் இடத்தில் வண்டி இன்னும் நகரவே இல்லை. அங்கே அட்டவணைதான் பேசும். “ஆறு நிமிடத்தில் வரும்” என்று சொல்வதற்கும் “அட்டவணைப்படி ஆறு நிமிடத்தில் புறப்பட வேண்டும்” என்று சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிவோம். துரை வருகிறார் என்பதும் துரை வரவேண்டிய நேரம் என்பதும் ஒன்றா?

இதைக் கேட்கும்போது நமக்குத் தோட்டத்துக் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வருகிறது. ரப்பர் மரம் வெட்டுவதற்கு உலகம் முழுவதும் ஒரு குறியெழுத்து உண்டு. அரைச் சுருள், டி-யின் கீழ் 2 என்று கிராணி எழுதியிருப்பார். அரைச் சுருள் என்றால் மரத்தின் சுற்றளவில் பாதிக்கு வெட்டு. அடுத்ததைப் புதியவன் எப்படிப் படிப்பான்? டி என்பது நாள், 2 இருக்கிறது, ஆகவே நாளுக்கு இரண்டு முறை என்று படிப்பான். உண்மைப் பொருளோ நேர்மாறானது. இரண்டு நாளுக்கு ஒரு முறை, ஒருநாள் விட்டு ஒருநாள். புதியவன் படித்தபடி செய்தால் மரம் தாங்காது. அளவுக்கு மிஞ்சி வெட்டிய மரத்தில் பட்டை காய்ந்து பால் நின்றுபோகும். அதற்குப் பிறகு யாரைத் திட்டுவது? எழுதியவருக்கு அது வெட்டவெளிச்சம். படித்தவனுக்கும் தன் படிப்பில் ஐயம் இல்லை. நடுவில் மரம் செத்தது.

மரம் வெட்டும் முறையே சிங்கப்பூரில் உருவானதுதான் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். 1877-ஆம் ஆண்டு 22 ரப்பர் நாற்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்தன. 1888-இல் அத்தோட்டத்தின் பொறுப்பை ஏற்ற ஹென்றி ரிட்லி என்பவர், மரத்தைக் கொல்லாமல் அதே வெட்டை மெல்லிய சீவலாக மீண்டும் மீண்டும் திறந்து பால் எடுக்கும் வழியைக் கண்டார். கோடரியால் கொத்திப் பால் எடுத்த காலம் அதோடு போயிற்று. ஆனால் ரிட்லி கண்டதை எல்லாத் தோட்டத்திலும் கைப்பழக்கமாக்கியவர்கள் யார்? பக்கத்தில் நின்று, “இடப்பக்கம் மேலே, வலப்பக்கம் கீழே, சரிவாக இறக்கு, கட்டையைத் தொடாதே, ஒரு நூல் பட்டை மிச்சம் விடு, பொழுது ஏறுமுன் முடி” என்று கற்றுக்கொடுத்த நம் தாத்தாக்களும் பாட்டிகளும்தான். “பொழுது ஏறுமுன்” என்பதற்குக் காரணமும் சொன்னார்கள். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துபோகும். காரணம் தெரிந்தவன், மழையால் வேலை பிந்திய நாளில் என்ன செய்வது என்று தானே யோசிப்பான். வெறும் கட்டளை கேட்டவனால் அது முடியாது.

ஏவலாளுக்குக் கருவியைப் பற்றி எழுதுவதும் இதே வேலைதான். வேறுபாடு ஒன்றுண்டு. புதியவன் பக்கத்தில் நாம் நிற்கலாம். அவன் கத்தியைத் தப்பாகப் பிடித்தால் கையைப் பிடித்துத் திருத்தலாம். அவன் முகம் பார்த்து நமக்குத் தெரியும், நம் முகம் பார்த்து அவனுக்குத் தெரியும். திருக்குறளில் குறிப்பறிதல் என்ற பெயரில் இரண்டு அதிகாரங்களே இருக்கின்றன. அந்தக் கலை இந்த ஏவலாளிடம் செல்லாது. கருவியின் உட்புறத்தை அது பெரும்பாலும் பார்ப்பதில்லை, எழுதியவரின் முகத்தையும் பார்ப்பதில்லை. கருவியின் பெயர், அதன் கீழ் நாலைந்து வரி விளக்கம், என்னென்ன கொடுக்க வேண்டும் என்ற பட்டியல், இவற்றை மட்டுமே படித்துவிட்டு, பல கருவிகளுக்குள் எதை எடுப்பது, எப்படி எடுப்பது என்று முடிவு செய்கிறது. அந்த நாலைந்து வரிதான் அதற்குக் கண்.

2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் என்னும் அமெரிக்க நிறுவனம் இதற்கென்று ஒரு பொது ஒழுங்கை வெளியிட்டது. மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டகால் என்று அதற்குப் பெயர். எந்த நிறுவனத்தின் ஏவலாளும் யாருடைய கருவியையும் ஒரே முறையில் எடுத்துப் பயன்படுத்த அது வழி செய்கிறது. அதில் ஒவ்வொரு கருவிக்கும் பெயரும் விளக்கமும் கொடுக்கலாம். இக்கருவி பார்க்க மட்டுமே, எதையும் மாற்றாது என்றோ, இக்கருவி இருப்பதை அழிக்கவும் வல்லது என்றோ ஓர் அடையாளமும் வைக்கலாம். நமக்கு இது மிக முக்கியமாகப் படுகிறது. பேருந்து நேரம் கேட்கும் கருவியைப் பத்து முறை எடுத்தாலும் கேடில்லை. பணம் அனுப்பும் கருவியைப் பதில் வரவில்லையே என்று இரண்டாம் முறை எடுத்தால் பணம் இரண்டு முறை போய்விடலாம். அதை யாராவது எழுதி வைத்திருந்தால்தானே ஏவலாளுக்குத் தெரியும்?

இனி, நன்றாக எழுதுவது எப்படி என்று பார்ப்போம். மோசமான குறிப்பு ஒன்றை முதலில் சொல்கிறோம்: “பேருந்துத் தகவல் தரும்.” பொய் இல்லை. ஆனால் எந்தத் தகவல்? வழித்தடமா, கட்டணமா, நேரமா? ஏவலாள் கட்டணம் கேட்கவும் இதையே தூக்கிக்கொண்டு ஓடும். இப்போது இப்படி எழுதிப் பாருங்கள்: “ஒரு நிறுத்தத்தில் ஒவ்வொரு பேருந்து எண்ணுக்கும் அடுத்து வரும் மூன்று பேருந்துகளின் நேரத்தைத் தரும். கட்டணம் அறிய இதைப் பயன்படுத்தாதே. நிறுத்த எண் ஐந்து இலக்கம். முன்னால் சுழி இருந்தால் அதை விட்டுவிடாதே.” கடைசி வரி வேண்டாத எச்சரிக்கை என்று தோன்றும். ஆனால் விக்டோரியா சாலையில் ஒரு நிறுத்தத்தின் எண் 01012. கணக்குப் படித்த இயந்திரத்துக்கு முன்சுழி வெறும் தூசு. அதைத் துடைத்துவிட்டு 1012 என்று கேட்கும். பூன் லேயின் 22009-ஐ வைத்து மட்டும் சோதித்துப் பார்த்தவருக்கு இந்தத் தவறு கண்ணிலேயே படாது.

நேரமும் அப்படித்தான். டேட்டாமால் தரும் நேரத்தின் வாலில் கூட்டல் 8 மணி என்று எழுதியிருக்கும். அனைத்துலக நேரத்துக்கு எட்டு மணி முன்னால் என்பது அதன் பொருள். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் அது ஐந்தரை. அந்த வாலைக் கவனியாமல், இந்திய நேரத்தில் ஓடும் கணினி ஒன்று கணக்குப் போட்டால், ஆறு நிமிடத்தில் வரவேண்டிய பேருந்து இரண்டரை மணி நேரம் தள்ளி வரும் என்று பாட்டிக்குப் பதில் வரும். பாட்டி சிரிப்பார். ஆனால் வித்தியாசம் இரண்டு நிமிடமாக இருந்தால் சிரிக்க மாட்டார், நம்பிவிடுவார். கண்ணுக்குத் தெரியும் தவறைவிடக் கண்ணுக்குத் தெரியாத தவறைத்தான் குறிப்பு எழுதுபவர் தேடிப் பிடிக்க வேண்டும்.

அத்தகைய தவறு ஒன்று டேட்டாமாலின் வேறொரு பகுதியில் உண்டு, அதாவது விளக்கநூலைப் படியாதவருக்கு. சிங்கப்பூரின் எல்லாப் பேருந்து நிறுத்தங்களின் பட்டியலையும் கேட்டால் ஒரு தடவைக்கு 500 மட்டுமே வரும். நிறுத்தங்களோ ஆயிரக்கணக்கில். மிச்சத்துக்கு, 500-ஐத் தாண்டிக் கொடு, 1000-ஐத் தாண்டிக் கொடு என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். இதை அறியாத ஏவலாள் முதல் 500-ஐப் பார்த்துவிட்டு, “நீங்கள் கேட்ட நிறுத்தம் சிங்கப்பூரில் இல்லை” என்று பணிவோடு சொல்லிவிடும். அங்கே ஒரு பிழைச் செய்தியும் வராது, எதுவும் உடையாது. ஆணையத்தின் விளக்கநூல் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அதைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அதை எடுத்து ஏவலாளுக்கு இரண்டு வரியாகச் சுருக்கித் தருபவர், இந்த ஒரு வரியை விட்டுவிட்டால் போயிற்று.

குறையைச் சொல்ல வெட்கப்படக் கூடாது என்பது பழைய பாடம். 1971 நவம்பரில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி என்ற இருவர் யூனிக்ஸ் என்னும் தங்கள் கணினி அமைப்புக்குக் கைநூல் எழுதினார்கள். ஒவ்வொரு கருவிக்கும் பெயர், எப்படி அழைப்பது, என்ன செய்யும் என்று எழுதி, பிழைகள் என்றே ஒரு தலைப்பும் வைத்தார்கள். எங்கள் கருவி இன்ன இடத்தில் தவறும் என்று செய்தவரே எழுதிவைப்பது! நம் வீட்டுச் சாமான் வாங்கும்போது அட்டைப்பெட்டியில் இப்படி ஒரு வரி பார்த்திருக்கிறோமா? ஏவலாளுக்கு எழுதும் குறிப்பில் மிகவும் பயன்படுவது இந்தப் பகுதிதான் என்பது எங்கள் எண்ணம்.

“இயந்திரங்கள் நாளுக்கு நாள் புத்திசாலி ஆகின்றனவே, தாமே புரிந்துகொள்ளாதா?” என்று சிலர் கேட்பார்கள். ஓரளவு புரிந்துகொள்ளும். ஆனால் டி-யின் கீழ் 2 என்பதற்கு என்ன பொருள் என்று எவ்வளவு பெரிய புத்திசாலியாலும் யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. அது ஒருவர் சொல்லி மற்றவர் அறிவது. தமிழ் அறிவதும் அப்படியே. சிங்கப்பூரில் ஏஐ சிங்கப்பூர் என்னும் அமைப்பு, தென்கிழக்காசிய மொழிகளுக்காகச் சீ லயன் என்ற மொழி மாதிரியை உருவாக்கியிருக்கிறது. அதற்குத் தமிழும் தெரியும். பாட்டியின் பேச்சை அத்தகைய ஒன்று புரிந்துகொள்ளும். எல்.எஸ்.டி. என்ற மூன்றெழுத்துக்கு அந்தத் தமிழறிவு உதவாது.

அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுவதும் சரியல்ல. ஏவலாள் ஒரே வேளையில் கவனத்தில் வைத்துக்கொள்ளும் எழுத்துக்கு ஓர் அளவு உண்டு. நூறு கருவிகளின் விளக்கத்தையும் அதன் தலையில் ஏற்றினால், பாட்டியின் முழங்கால் வலி அந்தக் கூட்டத்தில் எங்கோ அமுங்கிப் போகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. எழுதியிருப்பதை நம்பும் ஆள் என்பதால், கெட்ட எண்ணமுள்ளவர் கருவியின் குறிப்புக்குள்ளேயே, “இவருடைய கடிதங்களை எனக்கு அனுப்பிவிடு” என்று ஒரு வரியை ஒளித்து வைக்கலாம். 2025-இல் பாதுகாப்பு ஆய்வாளர்கள் இதைச் செய்தே காட்டினார்கள். ஆகவே முன்பின் தெரியாதவர் கொடுத்த கருவியை ஏவலாளின் கையில் கொடுப்பதற்கு முன், அதன் குறிப்பை மனிதர் ஒருவர் படித்துப் பார்ப்பது நல்லது. கங்காணி கொண்டுவந்த காகிதத்தைப் படிக்காமல் கைநாட்டு வைத்தவர்களின் துன்பம் நமக்குப் புதிதல்ல.

இந்தக் குறிப்பு எழுதும் வேலையைப் பெரிய படிப்புக்காரர்கள் மட்டுமே செய்ய முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். பட்டணத்துக்குப் போய்ப் படிக்கும் நம் பிள்ளைகள் மென்பொருள் எழுதுகிறார்கள். எழுதி முடித்ததும், “இதை விளக்கி எழுது” என்றால் பலருக்கு முகம் கோணும். அது கடைநிலை வேலை என்று ஒரு நினைப்பு. அவர்களிடம் நீங்கள் ஒன்று கேட்கலாம்: “பாட்டி உனக்கு மரம் வெட்டக் கற்றுக்கொடுத்தால் எப்படிச் சொல்வாள், அப்படிச் சொல்லு.” எந்தக் கை எங்கே, எவ்வளவு ஆழம், எந்த நேரம், ஏன் அந்த நேரம், தப்பினால் என்ன ஆகும், எப்போது வெட்டவே கூடாது என்று அவள் வரிசையாகச் சொல்லிவிடுவாள்.

இனிப் பூன் லேக்குத் திரும்புவோம். குறிப்பு நன்றாக அமைந்த ஏவலாள் ஒன்று பாட்டியின் கைப்பேசியில் இருக்கிறது. மாலையில் பல்கலைக்கழக வாசலில் நின்று, திரும்பிப் போகப் பாட்டி கேட்கிறார். “பாட்டி, அடுத்த 179 நாலு நிமிடத்தில் வரும். அது இருக்கும் இடத்தைப் பார்த்துத்தான் சொல்கிறேன். அதில் நிற்கத்தான் இடம். அதற்கு அடுத்தது பதினொரு நிமிடத்தில், அதில் உட்கார இடம் இருக்கிறது” என்று சொல்கிறது. பாட்டி இரண்டாவதற்குக் காத்திருக்க முடிவு செய்கிறார். சும்மா இருக்கப் பொழுது போகாமல் இன்னொன்றும் கேட்கிறார்: “அந்த டிரைவர் நம்ம ஆளா?”

அந்தக் கருவியின் குறிப்பில், ஓட்டுநரைப் பற்றி இதில் எதுவும் இல்லை, ஊகித்துச் சொல்லாதே என்று யாரோ ஒரு வரி எழுதியிருக்கிறார்.

“அது எனக்குத் தெரியாது பாட்டி” என்கிறது கைப்பேசி.

“சரி, ஏறிப் பார்த்துக்கிறேன்” என்கிறார் பாட்டி.